நடக்காத அரையிறுதி

டிமாரு நெட்பால் கிளப்புக்கு ஒரு வரலாறு வேண்டும் என்று நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தபோது, அந்த வரலாறு நோலீன் டல்லக்கின் கார் ஷெட்டில், மூன்று ரொட்டிக் கூடைகளில், ஈரம் படாமல் இருக்க ஒரு பழைய குளியலறைத் திரையால் மூடிக் கிடந்தது.

குழுவுக்கு அது தெரியாது. கிளப்பிடம் இருந்ததெல்லாம் ஒரு கண்ணாடி அலமாரியும் அதன் சாவியும்தான். அலமாரிக்குள் இருந்ததும் அந்தச் சாவி மட்டும்தான்.

இருபத்தைந்து ஆண்டுகளில் கிளப்புக்கு மூன்று பெயர்கள். முதலில் 'நாரைகள்'. பிறகு வடக்கே ஒரு கிளப்போடு சேர்த்தபோது 'புயல்கள்'. ஏழு வருடங்களுக்கு முன்பு யாரோ ஆக்லாந்திலிருந்து வந்து, 'எழுச்சி' என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அலுவலகத்து வாசலில் ஒரு பெரிய குப்பைத்தொட்டி வந்து நிற்கும். அணிப் பட்டியல்கள், ஒளிநாடாக்கள், கேடயங்கள் எல்லாம் அதில் போகும். முதல் தடவை அந்த வழியாகப் போனபோது நோலீன் தொட்டிக்குள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். குப்பையில் தன் கையெழுத்தைப் பார்த்தவர்கள் சும்மா வந்துவிட முடியாது. கைக்கு எட்டியதை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். எட்டியது பெரும்பாலும் ஸ்கோர் தாள்கள்தான். மற்றதெல்லாம் அடியில் இருந்தது.

அவள் ஐந்து வருடம் அந்த கிளப்புக்கு ஆடியவள். விங் டிஃபென்ஸ். நெட்பாலில் ஏழு பேர். ஒவ்வொருத்தியும் தன் இடத்தின் எழுத்தை மார்பிலும் முதுகிலும் மாட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். அந்த எழுத்து அனுமதிக்காத கோட்டைத் தாண்டக்கூடாது. விங் டிஃபென்ஸ் கூடைக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் கால் வைக்கவே முடியாது, எறிவது அப்புறம். எதிரணியில் ஒருத்திக்குப் பந்து போகாதபடி பார்த்துக்கொள்வது மட்டுமே அவள் வேலை. நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஐந்து வருடம், நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டாள். பிறகு முட்டி உடைந்தது. அதற்கப்புறம் அந்த எழுத்துத் துணிகளைத் துவைக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமைகளில் அவற்றின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய பஞ்சை ஒரு பல்குச்சியால் நோண்டி எடுப்பாள். இப்போது வயது ஐம்பத்தொன்று.

கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழுவின் மேசையில் அவளே வைத்தாள். தன் வாழ்க்கையில் செய்த பிழைகளை வரிசைப்படுத்தும்போது, அதைக் கொஞ்ச நாள் முதலிடத்தில் வைத்திருந்தாள்.

*

குழு கூடியது கிராண்ட்லி பாஸ்க்கின் தரைவிரிப்புக் கடை மாடியில். பாஸ்க் கிளப்பின் தலைவர். நல்ல மனிதர். யார் பேசினாலும் கண்களை மூடிக்கொண்டு கேட்பார்.

"நான் நெட்பால் ஆடினதில்ல," என்று தொடங்கினார். "பார்த்ததும் ரொம்ப இல்ல. அதனாலதான் இந்த விஷயத்துல என்னால நடுநிலையா இருக்க முடியுது. கிளப்புக்கு வயசு இருபத்தஞ்சு. அது கொண்டாட்டத்துக்கு. சட்டப்படி நமக்கு ஏழு வயசுதான். பழைய ஆட்டக்காரங்க யாராச்சும் முட்டி வலி, முதுகு வலின்னு வந்தா, அது வேற கிளப். இந்த ரெண்டையும் ஒண்ணா மனசுல வச்சிக்கிட்டுத்தான் வரலாறு எழுதணும்."

நோலீன் மேசைக்குக் கீழே தன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

அவர் பக்கத்தில் ஜாஸ்பர் லவல் இருந்தான். கிளப் புதிதாக அமர்த்தியிருந்த 'பயணக்கதை அதிகாரி'. முப்பது வயதிருக்கும், கணுக்கால் தெரிகிற கால்சட்டை. ஸ்கோர் தாள்களை இரண்டு விரலால் புரட்டினான்.

"நோலீன், இது புதையல். சத்தியமா புதையல். ஒரே ஒரு சின்ன விஷயம். இதுல நெறைய தோல்வி இருக்கே."

"நாங்க நெறைய தோத்தோம்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. 'கத்துக்கிட்டோம்'னு சொல்லணும்."

"அப்ப தொண்ணூத்தொம்பதுல பதினோரு தடவை கத்துக்கிட்டோம்."

ஜாஸ்பர் அதைக் குறித்துக்கொண்டான். கிண்டல் என்று அவனுக்குப் படவில்லை. அவளுக்கே அது கிண்டல்தானா என்று வண்டியில் திரும்பும்போது சந்தேகம் வந்தது.

புத்தகம் வரும், சனிக்கிழமை மதிய விருந்து நடக்கும், முக்கியமாக, கிளப்புக்கு ஆடிய ஒவ்வொருத்திக்கும் வரிசை எண் பொறித்த ஒரு வெள்ளிச் சின்னம் கிடைக்கும். நாட்டுக்கு ஆடியவர்களுக்கு அப்படி எண் உண்டு. இறக்கும் வரை அது அவர்களுடையது. அதைக் கேட்டதும் நோலீனுக்கு ஆசை வந்தது. அவமானமாக இருந்தது. துவைத்த துணியை மடித்துக்கொண்டே, எனக்கு எதற்கு ஒரு எண் என்று தன்னையே கேட்டாள். பதில் தெரிந்துதான் கேட்டாள்.

2001 ஜூன், ஒரு சனிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச்சில் அரையிறுதி, மூன்று மணிக்கு. அம்மா டிமாரு மருத்துவமனையில். இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சாயங்காலம் வந்துடறேன்," என்று அக்கா வெர்னாவிடம் சொல்லிவிட்டு நோலீன் பேருந்தில் ஏறினாள். கிளப் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. அம்மா நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் போனாள். ஆட்டத்தின் நாலாவது கால்பகுதி, கடைசிக் குவார்ட்டர், அப்போது நடந்துகொண்டிருந்தது.

வெர்னா ஒருபோதும் திட்டவில்லை. "அன்னைக்கு நான் மட்டும்தான் இருந்தேன்," என்று மட்டும் சொல்வாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு தடவை. இருபத்திரண்டு வருடமாக நோலீனிடம் அதற்கு இருந்த ஒரே பதில், தான் வேறு ஓர் இடத்தில் இருந்தாள் என்பதுதான். அது எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. நியாயப்படுத்த இல்லை. இருந்தேன் என்பதற்காக.

*

எண் வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும். 'களத்தில் இருந்தமைக்கான சான்று' என்று அதற்குத் தலைப்பு. ஏற்கத்தக்க சான்றுகள்: ஒன்று, போட்ட கோல். இரண்டு, ஒளிநாடா. மூன்று, புகைப்படம்.

ஒளிநாடாக்களைக் கிளப்பே தூக்கி எறிந்திருந்தது. ஸ்கோர் தாளில் கோல் போடும் இருவரின் கணக்கு மட்டும்தான் இருக்கும். மற்ற ஐந்து பேரின் பெயர் இருந்த அணிப் பட்டியல், தொட்டியின் அடியில் இருந்தது. பல வருடம் கோல் கீப்பராக ஆடிய ஃபெத்து அன்றே போனில் கூப்பிட்டாள்.

"நோலீன், நான் உயிரோட இருந்தேனாடி?"

"கோல் போட்டியா?"

"கோல் கீப்பர் எப்படிடி கோல் போடுவா?"

"அப்ப தெரியல. போட்டோ இருந்தா அனுப்பு."

புகைப்படத்திலும் சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் கிளப்பை நடத்த உதவியது ஓர் இறைச்சி நிறுவனம். அதன் பெயர் எல்லோர் மார்பிலும் பெரிதாக இருந்தது. இப்போது உதவுவது அதற்குப் போட்டி நிறுவனம். எனவே புத்தகத்தில் போடுவதற்காகப் பழைய படங்களில் கழுத்துக்குக் கீழே மங்கலாக்கினார்கள். பாவாடையிலும் பெயர் இருந்ததால் அங்கேயும் மங்கலாக்கினார்கள். ஜாஸ்பர் காட்டிய மாதிரிப் பக்கத்தில் ஏழு பெண்கள் மூடுபனிக்குள்ளிருந்து தலையையும் காலையும் மட்டும் நீட்டிக்கொண்டு சிரித்தார்கள். எழுத்து தெரியாததால் யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆடினார்களா, சும்மா நின்றார்களா என்றும் சொல்ல முடியாது. ஆகவே அந்தப் படங்கள் சான்றாகா.

எல்லாப் படங்களிலும் தெளிவாக இருந்தது நாரை மட்டும்தான். அணியின் உற்சாகத்துக்காக டூகல் பிர்ச் என்பவர் போட்டுக்கொண்டு ஆடும் இறகு வேடம் அது. ஒரு பறவையின் மேல் தங்கள் பெயரைப் போட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. முப்பத்தொரு படங்கள், எட்டு வருடம், இடைவெளியே இல்லை.

"சான்றோட பாத்தா," என்றார் பாஸ்க், கண்களை மூடியபடி, "நம்ம கிளப்போட முதல் எண் நாரைக்குத்தான் போகணும். உணர்ச்சிவசப்படாம முடிவெடுக்கணும்."

டூகல் நோலீனை மளிகைக்கடையில் பார்த்தபோது ரொம்பச் சங்கடப்பட்டார். "எனக்கு எதுக்கும்மா நம்பர்? பாதி ஆட்டம் உள்ள தூங்கிட்டுத்தான் இருந்தேன். நாரை மூக்கு நேரா நின்னதால யாருக்கும் தெரியல."

"வாங்கிக்குங்க டூகல். நீங்களாவது இருந்தீங்களே."

நோலீன் தன் முட்டியின் எக்ஸ்ரேயை அனுப்பினாள். தேதி, மருத்துவர் பெயர், 'நெட்பால் ஆடும்போது' என்ற குறிப்பு எல்லாம் இருந்தது. பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் முட்டி குறித்துத் தெரிவித்தமைக்கு நன்றி. இணைக்கப்பட்டுள்ள படம் ஒரு முட்டி இருந்ததை உறுதி செய்கிறது. அது எந்த கிளப்பின் முட்டி என்பதை உறுதி செய்யவில்லை.'

அதைச் சமையலறை ஜன்னலில் ஒட்டிவைத்தாள். பாத்திரம் கழுவும்போது படிப்பாள். சில நாள் சிரிப்பு வந்தது. சில நாள் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

பிறகு ஜாஸ்பரே வந்தான். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்திருப்பான். அவன் கெட்டவன் இல்லை.

"2001 பத்தி," என்றான். "அந்த வருஷத்தை எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா?"

"கதைக்கு ஒத்து வரல நோலீன். 2000ல விதைக்கிறோம், 2003ல கோப்பை வாங்கறோம். நடுவுல ஒரு கோல்ல அரையிறுதியில கத்துக்கிட்டா, படிக்கறவங்க மனசு சோர்ந்துடும். நம்பிக்கைதான் நம்ம கிளப்போட அடையாளம். அதை ஒரு கம்பெனியை வச்சு ஆய்வு பண்ணியிருக்கோம்."

"அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் தாள் இருக்கு. ஐம்பத்தொண்ணு, ஐம்பது."

"இருக்கு. ஆனா நடந்ததெல்லாம் வரலாறு ஆயிடுமா?" அவன் அதை உண்மையாகவே ஒரு கேள்வியாகக் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்களுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். உங்களை 2003 அணியில போட்டுடறேன். கோப்பை வாங்கின அணி! இருபத்துமூணாம் எண். ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

2003 இறுதி ஆட்டத்தின்போது நோலீனின் முட்டியில் மாவுக்கட்டு இருந்தது. ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு வெட்டிக் கொடுத்தாள்.

அதை அவனிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். விளக்க வேண்டும், அவன் குறித்துக்கொள்வான், பத்து நாளில் பதில் வரும் என்று நினைத்தபோதே உடம்பெல்லாம் களைத்துப்போனது. கையெழுத்துப் போட்டாள். ஆடிய நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களுக்குக் கிடைக்காத எண், ஆடாத ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்தது. அவன் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். கோபமாகக்கூட இல்லை. தானே தன்னை ஓர் அறையிலிருந்து வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது.

*

விருந்துக்கு ஒரு விருந்தாளியை அழைத்துவரலாம். பக்கத்து ஊர் டெமுகாவில் இருந்த வெர்னாவைக் கூப்பிட்டாள். "சீஸ் ரோல் இருக்குமாடி?" என்று கேட்டுவிட்டு வெர்னா சம்மதித்தாள்.

மண்டப வாசலில் வரிசை நின்றது. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொருத்தியின் விரல் நகத்தையும் பார்ப்பது நெட்பால் வழக்கம். நீண்டிருந்தால் வெட்ட வேண்டும், இல்லையேல் பட்டை ஒட்ட வேண்டும். ஜாஸ்பர் அதை எங்கேயோ படித்துவிட்டு, 'பாரம்பரிய நுழைவு' என்று விருந்துக்கு வைத்திருந்தான். இருபது வருடம் நகம் வளர்க்க முடியாமல் ஆடி, இப்போதுதான் ஆசையாக வளர்த்துச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்திருந்த பெண்களின் பத்து விரல்களிலும், கையுறை போட்ட ஓர் இளம்பெண் வெள்ளைப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நூத்திருபது டாலர் குடுத்தேன்," என்றாள் ஃபெத்து, கட்டுப்போட்ட விரல்களை விரித்துக் காட்டி. "போர்க்காயம் மாதிரி இருக்கு. இப்ப முள்கரண்டியை எப்படிடி பிடிக்கறது?"

உள்ளே சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. கிளப்பின் பயணம், வருடம் வருடமாக. வெர்னா தட்டோடு அதன் முன்னால் போய் நின்றாள். மெதுவாக நகர்ந்தாள். நின்றாள். இரண்டடி பின்னால் வந்தாள். மறுபடி நகர்ந்தாள்.

"நோலீன். இங்க வா. 2001 எங்கடி?"

"இல்ல."

"இல்லன்னா? 2000 இருக்கு, அப்புறம் 2002 இருக்கு."

"கதைக்கு ஒத்து வரலையாம் வெர்னா. எடுத்துட்டாங்க."

வெர்னா பலகையையே பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். கையில் இருந்த சீஸ் ரோலைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாஸ்க் மேடை ஏறினார். "ஒரு கிளப்னா என்ன? ஆட்டக்காரங்க வருவாங்க, போவாங்க. நடுவர், பயிற்சியாளர், பார்க்க வர்றவங்க எல்லாரும் போயிடுவாங்க. குழு மட்டும்தான் இருக்கும். அதனால இன்னைக்கு நாம கொண்டாடறது, ஒரு வகையில, குழுவைத்தான்." குழு கைதட்டியது.

முதலாம் எண்ணை நாரை வாங்கியது. டூகல் கீழே பார்த்தபடியே நின்றார். அலகும் கீழே பார்த்தது. பிறகு கோல் போட்டவர்கள். பிறகு, "இருபத்துமூணு. 2003 இறுதி ஆட்டத்தின் தூண், நோலீன் டல்லக்!"

நோலீன் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது நாரை வந்து இறக்கையை நீட்டியது. "வாம்மா," என்றது உள்ளிருந்து மெல்ல. "சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடலாம். உள்ள வேகுது."

மேடையில் பாஸ்க் ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார். அவள் பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"2003ல நான் ஆடல," என்றாள். "முட்டி உடைஞ்சிருந்தது. ஓரத்துல உக்காந்து ஆரஞ்சு வெட்டினேன். 2001ல ஆடினேன். அது பலகையில இல்ல."

பாஸ்க் கண்களைத் திறந்தார்.

"கேட்டீங்களா?" என்றார். "எவ்வளவு பணிவு! தான் ஆடவே இல்லங்கறாங்க! இதுதான் எழுச்சியோட பண்பு!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பட்டை ஒட்டிய கைகளிலிருந்து சத்தம் பஞ்சுபோல் வந்தது. ஜாஸ்பர் கண்களைத் துடைத்துக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டான். சின்னத்தை அவள் சட்டையில் குத்தினார்கள்.

*

நோலீன் காரை கேரோலைன் பே கடற்கரை ஓரமாக நிறுத்தினாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. காற்று தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வெர்னா பையிலிருந்து சீஸ் ரோலை எடுத்து, பாதி பிய்த்து நீட்டினாள். ஆறிப்போயிருந்தது.

"அவனுங்க யாருடி அதை எடுக்கறதுக்கு?" என்றாள் வெர்னா.

நோலீன் மென்றாள்.

"அந்த நாளு எனக்கும்தான் இருந்துச்சு. அதுல நானும் உக்காந்திருந்தேன். எடுத்துட்டாங்களாம்." வெர்னா கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "ரேடியோ வச்சிருந்தேன்."

"என்ன ரேடியோ?"

"வார்டுல. அம்மா தலைமாட்டுல. உன் ஆட்டம் போட்டான். அம்மாவுக்குக் கேக்குதான்னு தெரியல. ஆனாலும் வச்சேன். முதல் குவார்ட்டர் பூரா உன் பேரு வரவே இல்ல. ரெண்டாவதுலயும் வரல. நீ உண்மையாவே ஆடறியான்னு எனக்கே சந்தேகம்."

"வராது. நல்லா ஆடினா வராது."

"மூணாவதுல ஒரே ஒரு தடவை வந்துச்சு. 'டல்லக், காண்டாக்ட், பெனால்டி'ன்னான்."

எதிராளியின் உடம்பில் இடித்தால் காண்டாக்ட். இடித்தவள் பந்து போகும்வரை பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும், ஆட்டத்தில் சேர்த்தியில்லாதவளாக. அப்படி நின்றது நோலீனுக்கு நினைவிருந்தது. கூரையின் விளக்கு ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா கண்ணைத் தொறந்தாங்க," என்றாள் வெர்னா. "காலையில இருந்து தொறக்காத கண்ணு. 'அது காண்டாக்டே இல்ல'ன்னாங்க. நல்லா தெளிவா. கோவமா. அவ்ளோதான். அதுக்கப்புறம் பேசல."

கடற்பறவை ஒன்று காரின் முன்பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரோலைப் பார்த்தது.

"இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?"

வெர்னா காகிதத்தைச் சின்னதாக மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள். "கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தது நான். கடைசியா பேசினது உன்னைப் பத்தி. அதை உனக்குக் குடுக்க மனசு வரலடி. வேற என்ன இருந்துச்சு என்கிட்ட?"

எதிரணிப் பெண் வலதுபக்கம் திரும்புவதுபோல் ஏமாற்றி இடதுபக்கம் போனது, பந்து தலைக்கு மேல் வந்தது, தான் அரை நொடி பிந்தியது, முழங்கை அந்தப் பெண்ணின் விலாவில் மெத்தென்று பதிந்தது, அவள் 'ஹக்' என்றது, எல்லாம் நோலீனுக்கு நினைவில் வந்தது. நடுவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

சட்டையிலிருந்து சின்னத்தைக் கழற்றி, காரில் காபிக் கோப்பை வைக்கும் குழியில் போட்டாள்.

"வெர்னா, அது காண்டாக்ட்தான்."

"தெரியும்," என்றாள் வெர்னா. "காண்டாக்ட்தான்னு ரேடியோக்காரன் ரெண்டு தடவை சொன்னான். அம்மாகிட்ட நான் சொல்லல."